பட்டியலில் ஒரு 68 வயதுக்காரர்: கொழும்பில் ஒரு சிறுநீரக மாற்றும் உறுப்புப் பங்கீட்டு விதிகளும்

இந்த நிகழ்வு ஆய்வில் வரும் நோயாளர் தனியொரு மனிதர் அல்லர். 65 வயதைக் கடந்து கொழும்பின் சிறுநீரகக் கிளினிக்குகளுக்கு வந்துபோகும் தமிழ் நோயாளர்களிடம் அடிக்கடி காணப்படும் கூறுகளைக் கோத்து அமைக்கப்பட்ட ஒரு மாதிரி நோயாளர் அவர். எவருடைய அடையாளமும் வெளிப்படக்கூடாது என்பது இதற்கு ஒரு காரணம். மற்றது, ஒரு குடும்பத்தின் துயரத்தைச் சொல்வதைக் காட்டிலும், உறுப்புப் பங்கீட்டு விதிகள் அந்தக் குடும்பத்தின்மீது எந்த இடத்தில், எந்த வழியாக வந்து இறங்குகின்றன என்பதைப் பிரித்துப் பார்ப்பதே இங்கு நோக்கம். நோயாளரைத் தவிர்ந்த ஏனையவை, அதாவது சட்டங்களும் வெளிநாட்டு விதிகளும் ஆய்வு முடிவுகளும், உள்ளவாறே தரப்படுகின்றன.

முதியவர்களுக்குச் சிறுநீரகம் மாற்றலாமா என்ற கேள்விக்கு மருத்துவம் ஏற்கனவே விடை சொல்லிவிட்டது. காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களையும் பட்டியலிலிருந்து மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களையும் ஒப்பிட்டு 1999இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு, 60 முதல் 74 வரையான வயதினர் டயலிசிஸில் தொடர்ந்தால் ஏறத்தாழ 6 ஆண்டுகளும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றால் ஏறத்தாழ 10 ஆண்டுகளும் வாழக்கூடும் என்று கணித்தது. மாற்றுக்குரியவர்களைத் தெரிவு செய்வது பற்றி 2020இல் வந்த சர்வதேச வழிகாட்டலும், வயது ஒன்றையே காரணமாகக் காட்டி எவரையும் விலக்கக்கூடாது என்றும், உடல் தளர்ச்சி, இதய நோய் போன்றவற்றோடு சேர்த்தே வயதை எடைபோட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே எஞ்சியிருக்கும் கேள்வி, முதியவருக்கு எந்தச் சிறுநீரகத்தைக் கொடுப்பது, எவ்வளவு சீக்கிரம் கொடுப்பது என்பதுதான். அந்த இரண்டில் இரண்டாவதே கனமானது என்பது என் நிலைப்பாடு. முதிய நோயாளருக்குச் சிறுநீரகத்தின் தரம் சற்றுக் குறைவதால் வரும் இழப்பைவிட, காத்திருப்பு நீள்வதால் வரும் இழப்பு பெரும்பாலும் பெரியது.

நோயாளர்

கொட்டாஞ்சேனையில் மனைவியுடன் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்காளர். சத்திரசிகிச்சை நடந்தபோது வயது 68. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீரிழிவும், அதற்குச் சற்றுப் பிந்தித் தொடங்கிய உயர் குருதியமுக்கமும் உண்டு. இரண்டுக்கும் மாத்திரை எடுத்துவந்தார். ஆனால் சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கியபின் சிறுநீரக நிபுணரிடம் அனுப்பப்படுவதற்குச் சில ஆண்டுகள் சென்றுவிட்டன. அனுப்பப்பட்டபோது சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 15 மில்லிலீற்றருக்குக் கீழே இறங்கியிருந்தது. டயலிசிஸுக்காகக் கையில் நாடியையும் நாளத்தையும் இணைக்கும் ஃபிஸ்டுலா அமைத்து அது முதிர்வதற்குக்கூட அவகாசம் இருக்கவில்லை. நுரையீரலில் நீர் கோத்த நிலையில், கழுத்து நாளத்தில் போடப்பட்ட குழாய் வழியாக முதல் டயலிசிஸ் அவசரமாகச் செய்யப்பட்டது. அப்போது அவருக்கு வயது 66.

அதன்பின் அரச வைத்தியசாலை ஒன்றில் வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணித்தியாலம். பொதுவாக ஏற்கப்பட்ட அளவு வாரத்துக்கு மூன்று முறை. இயந்திரங்களும் இடமும் போதாத இடங்களில் இரண்டு முறையே கிடைக்கிறது. கொழும்பு வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு லீற்றருக்குள் தண்ணீரைக் கட்டுப்படுத்துவதும், பொட்டாசியம் ஏறிவிடும் என்பதால் செவ்விளநீரையும் வாழைப்பழத்தையும் தொடாமல் இருப்பதும் இளையவர்களுக்கும் சிரமம்தான். ஆனால் 66 வயதில் டயலிசிஸ் முடிந்த அன்று மாலை முழுவதும் படுக்கையிலேயே கழிவதும், மறுநாள் தலைச்சுற்றோடு எழுவதும், தசை கரைந்து நடை தளர்வதும் வேறு விதமான இழப்பு. இரண்டு ஆண்டுகளில் அவருடைய உலர் எடை, அதாவது மிகை நீரை அகற்றியபின் உள்ள எடை, 7 கிலோ குறைந்தது. மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு உடல் தகுதி வேண்டும். அந்தத் தகுதியைக் காத்திருப்பே தின்றுகொண்டிருந்தது. முதியவர் பற்றிய எந்தப் பங்கீட்டு விதியையும் மதிப்பிடும்போது இந்த முரணைக் கண்முன் வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டியலுக்கு வருமுன்

பங்கீடு பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பட்டியலில் இருந்தே தொடங்குகிறார்கள். முதிய நோயாளரைப் பொறுத்தவரை பாதிப்பு அதற்கு முன்னரே நடந்துவிடுகிறது. இவருக்கு எக்கோ பரிசோதனையில் இதயத்தின் பம்பும் திறன் சரியாகவே இருந்தது. ஆனால் நீரிழிவும் வயதும் சேர்ந்திருந்ததால் அஞ்சியோகிராம் செய்யப்பட்டு, ஓர் இதய நாடியில் அடைப்புக் கண்டறியப்பட்டு, ஸ்டென்ட் வைக்கப்பட்டது. ஸ்டென்ட் வைத்தால் இரண்டு குருதி உறைவுத் தடுப்பு மருந்துகளைச் சில மாதங்களுக்கு நிறுத்த இயலாது. அவற்றை உட்கொள்ளும் காலத்தில் சிறுநீரக மாற்றைத் தள்ளிவைப்பதே வழக்கம். காசநோய்ப் பரிசோதனை, ஹெபடைட்டிஸ் பீ தடுப்பூசி, பல் சிகிச்சை, புரோஸ்டேட் பரிசோதனை என்று ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கிளினிக்கில் திகதி வாங்கி முடிப்பதற்கு ஓராண்டுக்குமேல் ஆயிற்று. இதய நோயில்லாத ஓர் இளைஞர் இதே பாதையை மிகக் குறைந்த காலத்தில் கடந்திருப்பார். தளர்ச்சி மதிப்பீட்டில் நான்கு மீற்றரை ஐந்து விநாடிக்குள் நடந்து காட்டினார். கைப்பிடி வலு எல்லைக்கோட்டில் இருந்தது. தகுதியானவர் என்று முடிவாயிற்று.

இங்கே விதி சார்ந்த ஒரு நுட்பம் உண்டு. காத்திருப்புக் காலத்தைப் பட்டியலில் பதிந்த நாளிலிருந்து எண்ணினால், பரிசோதனைகளில் கழிந்த அந்த ஓராண்டும் கணக்கில் வராது. டயலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் வரும். அமெரிக்கா 2014 டிசம்பரில் நடைமுறைப்படுத்திய புதிய பங்கீட்டு முறையில் இரண்டாவது வழிக்கு மாறியது. நோயாளர் எவ்வளவு பிந்திப் பதிந்தாலும், முதல் டயலிசிஸ் நாள்வரை காத்திருப்புக் கணக்கு பின்னோக்கிச் செல்லும். தாமதமாக அனுப்பப்பட்ட ஏழைகளுக்கும் சிறுபான்மையினருக்கும் நீதி செய்வதற்காகவே அது பெரும்பாலும் பேசப்பட்டது. ஆனால் நீண்ட பரிசோதனைப் பாதையைக் கடக்க வேண்டிய முதியவருக்கும் அதே விதி அதே அளவு பயன் தருகிறது என்பது குறைவாகவே கவனிக்கப்பட்டிருக்கிறது.

குடும்பத்துக்குள்ளே

இலங்கையில் மாற்றப்படும் சிறுநீரகங்களில் பெரும்பங்கு உயிருள்ளவர்களிடமிருந்தே வருகிறது. மூளைச்சாவடைந்தவர்களிடமிருந்து வருபவை குறைவு. ஆகவே நாட்டின் மெய்யான பங்கீடு பெரும்பாலும் வீட்டு விறாந்தையில் நடக்கிறது என்று சொன்னாலும் தகும். இவருடைய குருதிப் பிரிவு ஓ. மனைவியுடையது ஏ, ஆகவே அவருடையதைப் பெற இயலாது. மகன் கொழும்பிலேயே இருக்கிறார், ஓ பிரிவு. ஆனால் 38 வயதிலேயே குருதியில் சீனி எல்லையைத் தொட்டிருந்தது. தந்தைக்கு நீரிழிவால் சிறுநீரகம் போன ஒரு குடும்பத்தில், நீரிழிவின் வாசலில் நிற்கும் மகனிடமிருந்து ஒரு சிறுநீரகத்தை எடுப்பதை எந்தப் பொறுப்புள்ள குழுவும் ஏற்காது. டொரன்டோவில் இருக்கும் மகள் ஓ பிரிவு, முழு ஆரோக்கியம், கொடுக்க ஆயத்தம். தந்தை மறுத்தார். “பிள்ளையின்ரை உடம்பிலை கத்தி வைச்சு நான் இருக்கத் தேவையில்லை” என்று அவர் சொன்னதற்குப் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் எடுக்கப்படவில்லை.

இந்த மறுப்பை உணர்ச்சிவசப்பட்ட முடிவு என்று ஒதுக்கிவிட முடியாது. தம்மைவிட முப்பது ஆண்டு இளைய ஒருவரிடமிருந்து, அதுவும் தம் பிள்ளையிடமிருந்து வாங்க முதியவர்கள் தயங்குவது உலகெங்கும் காணப்படுவது. நம் பெற்றோரிடம் அது இன்னும் வலுவானது. வயது கூடக்கூட வாழ்க்கைத் துணையும் சகோதரரும் கொடையாளர்களாகத் தகுதி இழக்கிறார்கள். எஞ்சுவது பிள்ளைகள் மட்டும். அவர்களிடம் வாங்க மனம் வராது. இவ்வாறு முதிய நோயாளர் மூளைச்சாவுக் கொடையையே நம்பியிருக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறார், அதுவும் அந்த வழி மிக ஒடுங்கியிருக்கும் ஒரு நாட்டில்.

பணம் உள்ள குடும்பங்களை இன்னொரு வழியும் அழைக்கும். சிறுநீரகத் தரகர் ஒருவர் மகனைத் தொலைபேசியில் தேடிவந்தார். மகன் இணைப்பைத் துண்டித்தார். வெளிநாட்டவர்களுக்குக் கொழும்பில் சட்டவிரோதமாகச் சிறுநீரகங்கள் மாற்றப்பட்டதாக எழுந்த குற்றச்சாட்டுகளைத் தொடர்ந்து, 2016 ஜனவரியில் வெளிநாட்டவர்களுக்கான சிறுநீரக மாற்றுகளை அரசு நிறுத்தியது. உறவினரல்லாதவர் கொடுக்கும்போது ஒழுக்கவியல் குழுவின் பரிசீலனையும் கடுமையானது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் நேர்மையான வழி நீண்டுகொண்டே போனால், நேர்மையற்ற வழிக்கு முதலில் செவிசாய்ப்பவர்கள் காலம் குறைந்தவர்களாகவே இருப்பார்கள் என்பதையும் பங்கீடு வகுப்போர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க மனித இழையங்களை மாற்றீடு செய்தல் சட்டமே இங்கு அடிப்படை. இறந்தவரின் உறுப்பை யாருடைய சம்மதத்துடன் எடுக்கலாம், உயிருள்ளவர் எவ்வாறு கொடுக்கலாம் என்பவற்றை அது ஒழுங்குபடுத்துகிறது. கொடுப்பதும் எடுப்பதுமே அதன் பொருள்; யாருக்கு முதலில் என்ற வரிசையை அது வகுக்கவில்லை. ஆகவே வயது பற்றிய தடை சட்டத்தில் இல்லை. வயதுக்கான பாதுகாப்பும் இல்லை. எழுதப்படாத இடத்தை மருத்துவரின் தீர்ப்பு நிரப்புகிறது. அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் நல்லெண்ணம் கொண்டதே. ஆயினும் “இந்த வயதில் எதற்கு” என்ற ஒரு வாக்கியம் எங்கும் பதிவாகாமலேயே ஒருவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்திவிடும்.

எழுதப்பட்ட தடை எப்படியிருக்கும் என்பதற்கு அயலிலேயே உதாரணம் உண்டு. மூளைச்சாவுக் கொடைக்காகப் பதிவதற்கு 65 வயது மேல் எல்லை என்ற விதி இந்தியாவின் தேசிய வழிகாட்டலில் இருந்தது. 2023 பெப்ரவரியில் அது நீக்கப்பட்டது. ஒரு வகையில் எழுதப்பட்ட தடை நேர்மையானது, ஏனெனில் அதை எதிர்த்து வாதிடலாம், நீக்கவும் முடிகிறது. எழுதப்படாத தடைக்கு எதிராக மனுக்கூடக் கொடுக்க முடியாது.

அழைப்பு

பட்டியலில் சேர்ந்து எட்டாம் மாதம், ஓர் இரவு அழைப்பு வந்தது. கொடையாளி 63 வயதானவர். வேறொரு மாகாணத்து வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூளைக் குருதிப்பெருக்கால் மூளைச்சாவடைந்தவர். நீண்டநாள் குருதியமுக்கம் உண்டு. சிறுநீரகம் தளரத் தளரக் குருதியில் ஏறும் கழிவான கிரியேட்டினின் 1.4. குருதிப் பிரிவு ஓ. வரிசையில் இவருக்கு முன்னால் நின்ற இளைய நோயாளர் இருவருக்கு இந்தச் சிறுநீரகத்தை அவர்களுடைய மருத்துவர்கள் ஏற்கவில்லை. அது சரியான முடிவே. 34 வயதானவர் ஒருவருக்கு 63 வயதுச் சிறுநீரகத்தை வைத்தால், அவர் தம் வாழ்நாளில் இன்னும் ஓரிரு முறை மாற்றுக்காகத் திரும்பிவர வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் உடலில் சேரும், அந்நிய உறுப்பைத் தாக்கும் எதிர்ப்புடலங்கள் அடுத்த பொருத்தத்தைக் கடினமாக்கும்.

2002 முதல் அமெரிக்காவில் வழங்கிய வகைப்படுத்தலின்படி 60 வயதைக் கடந்த எந்தக் கொடையாளியின் சிறுநீரகமும், வேறு குறையில்லாவிட்டாலும், விரிந்த வரையறைக்குள் அடங்கும் சிறுநீரகமே; சிறந்த கொடையாளியினுடையதைவிட அது பழுதடையும் வாய்ப்பு 1.7 மடங்குக்கு மேல் என்ற கணக்கில்தான் அந்த எல்லை வகுக்கப்பட்டது. ஆனால் இந்த எண்ணை நள்ளிரவில் ஒரு நோயாளரிடம் அப்படியே சொல்வதில் பொருளில்லை. அவர் ஒப்பிட வேண்டியது இந்தச் சிறுநீரகத்தை ஓர் இளைஞரின் சிறுநீரகத்தோடு அன்று. அடுத்த சில ஆண்டுகளை டயலிசிஸ் கதிரையில் கழிப்பதோடு. உயர் ஆபத்துச் சிறுநீரகங்களைப் பற்றி 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, 50 வயதைக் கடந்தவர்களுக்கும், காத்திருப்பின் இடைநிலை 33 மாதங்களைத் தாண்டிய நிலையங்களில் இருப்பவர்களுக்கும் அவற்றை ஏற்பது உயிர்காப்பு நன்மை தருகிறது என்று காட்டியது. முதல் சில மாதங்களில் ஆபத்து டயலிசிஸைவிடக் கூடுதல். அதைக் கடந்தால் தராசு மறுபுறம் சாய்கிறது.

“இது எத்தனை வருஷம் ஓடும், டொக்டர்?” என்று அவர் கேட்டார். உறுதி சொல்ல இயலாது, ஏழெட்டு ஆண்டுகள் நியாயமான எதிர்பார்ப்பு, அதற்குள் உங்களுடைய இதயம் முந்திக்கொள்ளவும் கூடும் என்பது நேர்மையான விடை. அதைத் தமிழில், மகனும் மனைவியும் கேட்க, கேள்விக்கு இடம்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. சம்மதப் படிவங்கள் மூன்று மொழிகளிலும் இருக்கலாம். சம்மதம் உருவாவது உரையாடலில்தான். கொழும்பின் வைத்தியசாலைகளில் தமிழ் நோயாளர் பலர் சிங்களத்தில் சமாளிக்கத் தெரிந்தவர்கள். காய்ச்சலுக்கு மருந்து வாங்க அந்தச் சமாளிப்புப் போதும். 63 வயதுச் சிறுநீரகம் ஒன்றை ஏற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கப் போதாது. இரவு பதினொரு மணிக்கு அந்த உரையாடலைத் தொடங்குவதே முறையன்று. பட்டியலில் பதியும் நாளிலேயே கிளினிக்கில் நிதானமாக நடந்து, விடை கோப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டிய ஒன்று அது. அவர் ஏற்றார். உறுப்பு கொழும்புக்கு வந்து, பெறுநரின் குருதி கொடையாளியின் உயிரணுக்களைத் தாக்குமா என்று பார்க்கும் குறுக்குப் பொருத்தப் பரிசோதனை முடிந்து, குருதியோட்டம் மீண்டபோது, சிறுநீரகம் குருதியோட்டமின்றிக் குளிரூட்டி வைக்கப்பட்ட குளிர்நிலையில் 14 மணித்தியாலங்கள் கழிந்திருந்தன.

இதே நோயாளர் வேறு விதிகளின்கீழ்

இவர் அமெரிக்காவில் இருந்திருந்தால்? அங்கு இந்த விவாதம் வெளிப்படையாகவே நடந்தது. 2011இல் முன்வைக்கப்பட்ட கருத்தாவணம் ஒன்று, சிறந்த 20 சதவீதச் சிறுநீரகங்களை அதிக காலம் வாழக்கூடியவர்களுக்கும், எஞ்சிய 80 சதவீதத்தைக் கொடையாளியின் வயதுக்குப் 15 ஆண்டு முன்பின்னாக உள்ளவர்களுக்கு முன்னுரிமையாகவும் கொடுக்கலாம் என்றது. வயதை இவ்வாறு நேரடி அளவுகோலாக்குவது வயதுப் பாகுபாட்டுக்கு எதிரான 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மோதும் என்று கூட்டாட்சி அரசின் தரப்பில் எதிர்ப்பு வந்ததும் இரண்டாவது பகுதி கைவிடப்பட்டது. 2014இல் நடைமுறைக்கு வந்த முறையில், கொடையாளியின் சிறுநீரகத்துக்கு ஒரு தரக் குறியீடும், பெறுநருக்கு எதிர்பார்க்கப்படும் வாழ்நாள் குறியீடும் கணிக்கப்படுகின்றன. பெறுநர் குறியீட்டின் உள்ளீடுகள் நான்கு மட்டும்: வயது, டயலிசிஸில் இருந்த காலம், நீரிழிவு, முன்னர் உறுப்பு மாற்றப்பட்டதா என்பது. முதல் 20 சதவீதத்துக்குள் வருவோர் சிறந்த 20 சதவீதச் சிறுநீரகங்களுக்கு முன்னுரிமை பெறுவர். 68 வயது, நீரிழிவு, இரண்டு ஆண்டு டயலிசிஸ் என்ற சேர்க்கையுடன் நம் நோயாளர் அந்த வாசலை ஒருபோதும் அணுக முடியாது. முன்வாசலில் நிறுத்தப்பட்ட வயது, நான்கில் ஒரு மாறியாகப் பக்கவாசலால் உள்ளே வந்துவிட்டது என்றே நான் இதை வாசிக்கிறேன்.

அந்த முன்னுரிமை அநீதி என்று நான் கருதவில்லை. 25 வயதுக் கொடையாளியின் சிறுநீரகம் 68 வயதானவருக்குப் போனால், அது ஓடக்கூடிய ஆண்டுகளில் பாதிக்குமேல் பெறுநரோடு மண்ணுக்குள் போகும். குறை வேறிடத்தில். புதிய முறை வந்தபின் மாற்றுப் பெற்றவர்களில் 65 வயதைக் கடந்தவர்களின் பங்கு சற்றுக் குறைந்தது. அதேவேளை, தரக் குறியீடு 85ஐத் தாண்டிய (எண் கூடக்கூடத் தரம் குறையும்) சிறுநீரகங்களில் பாதிக்கும் அதிகமானவை எவருக்கும் வைக்கப்படாமல் கைவிடப்பட்டு வந்தன. சிறந்தவற்றில் முன்னுரிமையை இழந்தவர்களுக்கு, ஈடாகக் கிடைத்திருக்க வேண்டிய விரைவு கிடைக்கவில்லை. 2009இல் வெளியான ஒரு கணிப்பின்படி, 60 வயதைக் கடந்து பட்டியலில் சேர்ந்தவர்களில் 46 சதவீதத்தினர் மூளைச்சாவுக் கொடைச் சிறுநீரகம் கிடைப்பதற்கு முன்னரே இறந்துவிடுவர். அமெரிக்காவையும் பிரான்ஸையும் ஒப்பிட்ட 2019 ஆய்வு, 2004 முதல் 2014 வரை அமெரிக்காவில் எடுக்கப்பட்ட சிறுநீரகங்களில் 17.9 சதவீதமும், பிரான்ஸில் 9.1 சதவீதமும் கைவிடப்பட்டதாகக் காட்டியது. பிரான்ஸில் கொடையாளிகள் கூடுதல் வயதினர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கைவிடுவது உறுப்பின் குணத்தால் மட்டும் நேர்வதன்று, அமைப்பின் பழக்கத்தாலும் நேர்வது என்பது விளங்கும்.

ஜெர்மனி, நெதர்லாந்து, ஒஸ்திரியா, பெல்ஜியம் முதலிய நாடுகளை இணைக்கும் யூரோட்ரான்ஸ்பிளான்ட் 1999இல் தொடங்கிய முதியோர் திட்டம் வேறு பாதை. 65 வயதைக் கடந்த கொடையாளியின் சிறுநீரகம், அண்மையிலுள்ள 65 வயதைக் கடந்த பெறுநருக்கே போகும். இழையப் பொருத்தம் பார்த்துத் தூரத்துக்கு அனுப்புவதில்லை, குளிர்நிலை நேரத்தைக் குறைப்பதே முதன்மை. காத்திருப்புக் குறைந்தது, முன்னர் எவரும் ஏற்காத முதிய கொடையாளிகளின் உறுப்புகள் பயன்பட்டன. விலையும் இருந்தது. முதியவரின் எதிர்ப்புச் சக்தி மந்தமானது, ஆகவே பொருத்தம் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை என்ற எதிர்பார்ப்பு முழுதும் நிறைவேறவில்லை. முதிய சிறுநீரகம் எதிர்வினையைத் தூண்டும் தன்மை கூடியது. கடும் நிராகரிப்பு அதிகமாகக் காணப்பட்டது. குறைந்தது இழையப் பொருத்தத்தின் ஒரு கூறான டீஆர் வகைப் பொருத்தத்தையாவது பார்க்கலாமா என்பது பின்னர் ஆராயப்பட்டது. நம் நோயாளரின் 63 வயதுக் கொடையாளி இந்தத் திட்டத்தின் எல்லைக்கு இரண்டு வயது வெளியே நிற்கிறார் என்பது, கூரிய வயதுக் கோடுகளின் குறையைக் காட்டுகிறது.

ஐக்கிய இராச்சியம் 2019 செப்டெம்பரில் கொண்டுவந்த முறை கூரிய கோட்டைத் தவிர்க்கிறது. கொடையாளிகளை நான்கு ஆபத்துப் படிகளாகவும், பெறுநர்களை நான்கு படிகளாகவும் வகுத்து, அருகருகான படிகள் பொருந்தும்போது புள்ளி கூட்டுகிறது; ஏழு ஆண்டுகளுக்கு மேல் காத்திருப்போரும், பொருத்தம் மிக அரிதானோரும் தனி முன்னுரிமை அடுக்கில் வருகிறார்கள். இந்த அட்டவணையில் நம் நோயாளரும் அவருக்குக் கிடைத்த சிறுநீரகமும் ஏறத்தாழ ஒரே படியில் சந்தித்திருப்பார்கள். இந்த முறைகளில் எனக்கு ஏற்புடையது இதுவே. ஆனால் அதை அப்படியே கொழும்புக்குக் கொண்டுவர முடியாது. அந்தக் கணக்கு ஓடுவதற்கு நாடு தழுவிய ஒரே பட்டியலும், ஒவ்வொரு கொடையாளியின் தரவும் நிமிடங்களில் வந்துசேரும் ஒழுங்கும் வேண்டும்.

சத்திரசிகிச்சைக்குப் பின்

சிறுநீரகம் உடனே வேலை செய்யவில்லை. முதிய கொடையாளி, குருதியமுக்க வரலாறு, 14 மணித்தியாலக் குளிர்நிலை ஆகிய மூன்றும் சேரும்போது இது எதிர்பார்க்கக்கூடியது. மூன்று தடவை டயலிசிஸ் தேவைப்பட்டது. பத்தாம் நாளில் சிறுநீர் பெருகத் தொடங்கியது. தொற்று அபாயத்தைக் கருதி, உடல் புதிய உறுப்பை நிராகரிக்காதிருக்கச் செய்யும் தொடக்க எதிர்ப்புத் தணிப்புக்குக் கடுமையான மருந்தைத் தவிர்த்து பசிலிக்சிமாப் கொடுக்கப்பட்டது. தொடர்ந்து அதே நோக்கத்துக்கான டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட். ஸ்டீரொய்டும் டாக்ரோலிமஸும் சேர்ந்து சீனியை ஏற்றின. இன்சுலின் அளவு இரு மடங்கானது. ஐந்தாம் மாதத்தில் சிறுநீர்த்தொற்றுக் குருதியில் பரவி, பத்து நாட்கள் வாட்டில் இருந்தார். கிரியேட்டினின் 1.8இல் நிலைத்தது. இளைஞர் ஒருவருக்கு இது ஏமாற்றமான எண். இவருக்கு அது டயலிசிஸ் இல்லாத வாழ்க்கை.

முதிய பெறுநர்களில் மாற்றுச் சிறுநீரகத்தை இழப்பதற்குப் பெருங்காரணங்களில் ஒன்று, சிறுநீரகம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதய நோயாலோ தொற்றாலோ நோயாளர் இறந்துபோவது. ஆகவே முதியவருக்கு உறுப்பைப் பங்கிடும் அமைப்பு அதோடு நின்றுவிடக்கூடாது. டெங்கு பருவம் தவறாமல் வரும் இந்நகரில், எதிர்ப்புச் சக்தி தணிக்கப்பட்ட 68 வயதானவருக்குக் காய்ச்சல் கண்டால் அன்றே பார்க்கும் வழியும், கிளினிக் மருந்தகத்தில் டாக்ரோலிமஸ் தீராதிருக்கும் உறுதியும் பங்கீட்டின் பகுதிகளே. 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துகள் தட்டுப்பட்ட மாதங்கள் இதை வேண்டிய அளவு உணர்த்தின.

மறுதரப்பும் என் மதிப்பீடும்

இந்த ஆய்வுக்கு வரக்கூடிய வலுவான மறுப்பு வடமத்திய மாகாணத்திலிருந்து வருகிறது. அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோயால் பாதிக்கப்படுவோரில் பலர் உழைக்கும் வயதிலுள்ள விவசாயிகள். பள்ளி செல்லும் பிள்ளைகளை வைத்திருக்கும் 42 வயது விவசாயி ஒருவர் காத்திருக்க, பென்ஷன் எடுக்கும் கொழும்பு முதியவருக்கு ஏன் சிறுநீரகம் என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதே. ஒருவர் தமக்குரிய ஆயுட்காலத்தை வாழ்ந்துவிட்டார், மற்றவர் இன்னும் வாழவில்லை என்ற வாதத்துக்கு நானும் தலைவணங்குகிறேன். இளம் கொடையாளியின் சிறுநீரகம் விவசாயிக்கே போக வேண்டும். ஆனால் அன்று இரவு கைக்கு வந்த 63 வயதுச் சிறுநீரகத்துக்கு அந்த வாதம் பொருந்தாது. விவசாயியின் மருத்துவரும் அதை மறுத்திருப்பார். அதற்கு மாற்றாக இருந்தது குப்பைத்தொட்டிதான். இரண்டு விதமான சிறுநீரகங்களுக்கும் ஒரே வரிசையை வைத்துக்கொண்டு விவாதிப்பதால்தான் இளையவருக்கும் முதியவருக்கும் இடையே இல்லாத போட்டி ஒன்று உண்டாக்கப்படுகிறது.

ஆகவே வயது எல்லை எதுவும் வேண்டியதில்லை. காத்திருப்பு, டயலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும். முதிய கொடையாளியின் சிறுநீரகத்தை ஏற்க முன்கூட்டியே, தமிழிலோ சிங்களத்திலோ தம் மொழியில் பேசி, எழுத்தில் சம்மதித்தவர்களுக்குத் தனி விரைவு வரிசை ஒன்று இருக்க வேண்டும். அதில் சேர்வதால் பொது வரிசையில் அவர்களுடைய இடம் பறிபோகக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை முக்கியமானது. இல்லையேல் விரைவு வரிசை என்பது முதியவர்களை ஒதுக்கிவைக்கும் கொட்டிலாக மாறிவிடும். குருதிப் பிரிவு ஓ ஆக உள்ளவர்களுக்கு ஓ கொடையாளியின் சிறுநீரகம் மட்டுமே பொருந்தும் என்பதால், ஓ சிறுநீரகங்கள் ஓ நோயாளர்களுக்கே போக வேண்டும் என்ற ஒழுங்கு விரைவு வரிசையிலும் காக்கப்பட வேண்டும். குளிர்நிலை நேரத்தைக் குறைப்பதற்காக, இந்த வரிசையில் உள்ளவர்களின் குருதி மாதிரிகள் முன்கூட்டியே சேமிக்கப்பட்டு, உறுப்புக் கொழும்புக்கு வந்துசேருமுன் குறுக்குப் பொருத்தம் முடிந்திருக்க வேண்டும். நம் நோயாளரின் 14 மணித்தியாலத்தில் சிலவற்றை இதனாலேயே மீட்டிருக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னர், செலவில்லாமல் நாளையே தொடங்கக்கூடியது ஒன்றுண்டு. ஒவ்வொரு நிலையமும் மறுக்கும் ஒவ்வொரு சிறுநீரகத்துக்கும், மறுத்த காரணத்தையும், எந்த வயது நோயாளருக்காக மறுக்கப்பட்டது என்பதையும், அந்தச் சிறுநீரகம் பின்னர் யாருக்காவது வைக்கப்பட்டதா என்பதையும் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். பரிசோதனைக்கே அனுப்பப்படாமல் டயலிசிஸிலேயே விடப்படும் 65 வயதைக் கடந்தவர்களுக்கும், அனுப்பாததற்கான காரணம் கோப்பில் ஒரு வரியாவது இருக்க வேண்டும். அந்தப் பதிவேடு இரண்டு ஆண்டுகள் நிரம்பினால், முதியவர்கள் இங்கே எந்தப் படியில் தடுக்கப்படுகிறார்கள் என்பதை ஊகத்தால் அன்றி எண்களால் பேசலாம். விரைவு வரிசைக்கு எத்தனை சிறுநீரகங்கள் கிடைக்கும் என்பதையும் அதிலிருந்தே கணக்கிடலாம்.